மூன்று தடவை பார்க்கும் மீரா உசேன்

மீரா உசேன் பாயை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். அதில் பாதிக்கு மேல் அவர் மீது கோபமாகத்தான் இருந்தேன். நான் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். ஓர் இறுதிப் போட்டியில் என் பிள்ளைகள் கடைசி நிமிடத்தில் போட்ட கோலை ஆஃப்சைடு என்று சொல்லி விசில் ஊதியவர் அவர். அன்று மைதானத்திலேயே நின்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, "வானதி மேடம், உங்க பொண்ணு ரெண்டடி முன்னாடி நின்னுச்சு. எனக்கும் வருத்தந்தான்" என்றார். வீட்டுக்கு வந்து என் தங்கை மொபைலில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். இரண்டடி இல்லை, மூன்றடி. மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. எனக்குக் கோபம் மூக்கு மேல் வரும், மன்னிப்பு மட்டும் அவ்வளவு சுலபத்தில் வராது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது இந்த ஜனவரியில் நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகுதான். அதைச் சொல்லுமுன் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

சொந்த ஊர் மரைக்காபட்டினம், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரம். வயது ஐம்பத்திரண்டு. அந்த ஊரில் கால்பந்து பேசாத வீடு கிடையாது. சாயங்காலத் தொழுகை முடிந்த கையோடு சின்னவன் பெரியவன் எல்லோரும் மைதானத்துக்குப் போய்விடுவார்கள். மீரா உசேனும் போனார். ஆனால் அவருக்கு ஆட்டம் வரவில்லை. பந்து வலது பக்கம் வந்தால் இடது காலைத் தூக்குவாராம், அவரே சொல்லியிருக்கிறார். பிறகு சார்ஜாவில் ஆறு வருடம் ஒரு கிட்டங்கியில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர் முகாம்களுக்குள் நடக்கும் ஆட்டங்களுக்கு நடுவர் கிடைக்காமல் இவர் கையில் விசிலைக் கொடுத்திருக்கிறார்கள். "ஆட வரல மேடம், அதனால ஊதக் கத்துக்கிட்டேன்" என்பார்.

திரும்பி வந்த பிறகு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகால வேலை. டிராக்டரில் மூட்டைகள் வந்து இறங்கும். இவர் குத்தூசியை மூட்டைக்குள் சொருகி, உள்ளே இருக்கும் நெல்லைக் கொஞ்சம் இழுத்து, ஈரமானியில் போட்டுப் பார்ப்பார். ஈரம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மேலே போனால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரு தடவைதான் பார்ப்பார், வந்த எண்ணை எழுதிவிடுவார். யார் வீட்டு நெல் என்று ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

சொந்தக்காரர் நெல் என்றால் மட்டும் கதை வேறு. அதற்கு மூன்று தடவை. மூன்றில் எது அதிகமோ அதைத்தான் எழுதுவார்.

அவருடைய மைத்துனர், மனைவியின் அண்ணன் சேக் தாவூது, மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். ஒரு குறுவையில் அவர் நெல் வந்தபோது முதல் தடவை பதினாறு புள்ளி நான்கு காட்டியது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முடிந்திருக்கும். மீரா உசேன் இரண்டாவது தடவை பார்த்தார், பதினாறு புள்ளி ஒன்பது. மூன்றாவது தடவை பதினேழு புள்ளி இரண்டு. "காயவச்சுக் கொண்டா மச்சான்" என்று சொல்லிவிட்டார். சேக் தாவூது ரோட்டில் நெல்லைக் கொட்டி இரண்டு நாள் கிளறினார். இரண்டாம் நாள் சாயங்காலம் மழை கொட்டிவிட்டது. அடுத்த ஒரு வருடம் அந்த மனிதர் இவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மீரா உசேனின் மனைவி ஆசியா, "ஊரான் நெல்லுக்கு ஒரு கண்ணு, எங்க காக்கா நெல்லுக்கு மட்டும் மூணு கண்ணா?" என்று கேட்டு, ஒரு பெருநாள் முழுக்க இவரோடு பேசாமல் இருந்தாராம்.

மகன் ஹஸ்ஸானுக்கும் இதே கதிதான். அவனுக்குப் பதினாறு வயதில் ஊர்ப் போட்டி ஒன்று. நடுவர் அப்பா. த்ரோ-இன் எறியும்போது கால் கொஞ்சம் தள்ளி இருந்ததற்கு ஒரு மஞ்சள் அட்டை. அதற்கெல்லாம் யாரும் அட்டை காட்ட மாட்டார்கள். பிறகு எதிராளி சட்டையைப் பிடித்ததற்கு இன்னொன்று. இருபது நிமிடத்தில் பையன் வெளியே. வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம், "வாப்பா ஊதுற மேட்சுன்னா எங்க டீமுக்குப் பத்து பேருதான் உம்மா" என்றிருக்கிறான். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் கால்பந்தைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்வதில்லை. கால்பந்து ஊரில், கால்பந்து வீட்டில், அதைப் பேசாமல் எப்படிப் பொழுது போகிறது என்று நான் கேட்டேன். "கிரிக்கெட் பேசுவோம்" என்றார்.

இனி ஜனவரிக்கு வருகிறேன்.

எங்கள் டெல்டா கல்லூரிகள் லீக்கில் பதினான்கு ஆண்கள் அணிகள். ஒவ்வோர் அணியும் எட்டு ஆட்டம் ஆட வேண்டும், புள்ளியில் முதல் நான்கு அணிகள் தஞ்சாவூரில் ப்ளே-ஆஃப் ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர்கள் ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதம் இருப்பதை மறந்துவிட்டார்கள். இந்த வருட மழைக்குப் பாதி மைதானங்களில் நாற்று நட்டிருக்கலாம். ஓர் அணி ஏழு ஆட்டம் ஆடியிருந்தது, ஓர் அணி ஐந்துதான். ஒருவன் பலமான அணிகளோடு மோதி அடிபட்டிருந்தான், இன்னொருவன் சோப்ளாங்கி அணிகளைப் பந்தாடிவிட்டுப் பட்டியலில் மேலே உட்கார்ந்திருந்தான். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது.

அதனால் லீக்கை நடத்தும் சங்கத்தின் செயலாளர் அன்பரசன், கீழவாசலில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர், மூன்று பேரைக் கொண்டு ஒரு தேர்வுக் குழு போட்டார். பெண்கள் கல்லூரி என்பதால் எந்த அணியும் எனக்குச் சொந்தமில்லை, ஆகவே நான். வேளாங்கண்ணிக்காரர், ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் மதலைமுத்து. மூன்றாவதாக மீரா உசேன்.

முதல் கூட்டத்தில் அவர் உட்காரவே இல்லை. "எம்மவன் மரைக்காபட்டினம் காலேஜ்ல ஆடுறான் சார். கடைசி வருசம். நான் இதுல இருக்கக் கூடாது" என்றார்.

அன்பரசன் கையெடுத்துக் கும்பிட்டார். "பாய், இந்தப் பக்கத்துல கால்பந்து தெரிஞ்ச யாருக்குத்தான் ஒரு மகன், ஒரு மருமகன் இல்ல? எழுதிக் குடுத்துடுங்க. அந்த டீம் பேச்சு வந்தா நீங்க வெளியே போயிடுங்க, ஓட்டுப் போட வேணாம். மத்தபடி நீங்க இல்லன்னா எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி."

எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கடை மாடியில் ஒரு சின்ன அறை. புதுப் பந்துகளின் ரப்பர் வாசனை. மதலைமுத்து சார் வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறக்காமலே நாங்கள் மூன்று மணி நேரம் சண்டை போட்டோம். சார், ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை கோல் என்று பார்த்தால் போதும் என்றார். நான், தோற்காத அணியைத் தள்ளிவிட்டுத் தோற்றவனை எடுத்தால் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது என்றேன். நடுவில் ஒரு பழைய கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து போன் வேறு. "எங்க காலேஜ் இல்லாம ஒரு ப்ளே-ஆஃபா மேடம்? எழுபது வருசப் பேரு!" எழுபது வருடப் பெயர் இந்த வருடம் மூன்று ஆட்டத்தில் தோற்றிருந்தது. பெயர் கோல் போடாது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மீரா உசேன் கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"மூட்டை வாயில இருக்கிறதைப் பார்த்து நெல்லு எடுக்க முடியாது மேடம். எல்லாரும் நல்ல நெல்லைத்தான் மேல போடுவாங்க. நடுவுல குத்திப் பார்க்கணும். எட்டுக் கோல் போட்டாங்கங்கிறீங்க, யாருகிட்ட போட்டாங்க? சார் சொல்ற சராசரி ஈரநெல்லு எடை மாதிரி. காயவச்சுட்டு எடை போடுவோம்."

அதிலிருந்துதான் எல்லாம் பிறந்தது. ஓர் ஆட்டத்தில் மூன்று கோலுக்கு மேல் எத்தனை போட்டாலும் மூன்றாகத்தான் எடுத்துக்கொள்வது. எதிரணி பலமானதா, நடுத்தரமா, நோஞ்சானா என்று பக்கத்திலேயே குறிப்பது. மழையால் நின்றுபோன ஆட்டம் அறுபது நிமிடம் தாண்டியிருந்தால் அப்போது இருந்த கோல்கணக்கே முடிவு, தாண்டாவிட்டால் அந்த ஆட்டமே இல்லை. திருவாரூர்ப் பக்கத்துக் கீழப்பாலூர் கல்லூரியின் கோல்கீப்பருக்குக் கடைசி ஆட்டத்தில் மணிக்கட்டு உடைந்திருந்தது. இனி அவன் இல்லாத அணியைத்தானே பார்க்க வேண்டும் என்று சார் கேட்டார். "ஆடுனதுக்குத்தான் சார் மார்க்கு. நாளைக்கு ஆடப்போறதுக்கு நம்மகிட்ட ஈரமானி இல்ல" என்றார் மீரா உசேன். சார் தலையாட்டிவிட்டு அதைக் குறித்துக்கொண்டார்.

இன்னொன்றும் அவர் யோசனைதான். கொள்முதலில் மாதிரி நெல்லுக்குப் பெயர் ஒட்ட மாட்டார்களாம், எண்தான். அதே மாதிரி முதல் நான்கு இடத்துக்குப் போட்டியில் இருக்கும் ஏழு அணிகளுக்கும் ஏழு தாள், தாளில் எண் மட்டும். பெயர்கள் ஓர் உறைக்குள். ஊகிக்க முடியாதா என்று கேட்பீர்கள், முயன்றால் முடியும்தான். ஆனால் ஊகிக்கக் கூடாது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஆட்ட அறிக்கைகளை எல்லாம் படித்துத் தாள் தயாரிக்கும் வேலையை அவர் தலையிலேயே கட்டினோம். நெல் வரத் தைக் கடைசி ஆகும், அவருக்கு நேரம் இருந்தது. ஓட்டுப் போடாதவர் தாள் எழுதினால் என்ன தப்பு என்று நினைத்தோம். அதுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு இரண்டாவது கூட்டம். மீரா உசேன் தாள்களைக் கொடுத்துவிட்டு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். முதல் மூன்று இடங்களுக்கு எங்களுக்குள் பேச்சே வரவில்லை, மூன்று அணிகள் தனியாகத் தெரிந்தன. நான்காவது இடத்துக்கு இரண்டு தாள்கள் மிஞ்சின. ஆறாம் எண் ஏழு ஆட்டத்தில் ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி, இரண்டு தோல்வியும் பலமான அணிகளிடம் ஒரே கோல் வித்தியாசத்தில். நான்காம் எண் நான்கு வெற்றி, தோல்வியே இல்லை, ஆனால் நான்கில் மூன்று நோஞ்சான் அணிகள், ஒன்று நடுத்தரம். ஐந்தாவது ஆட்டம் மழையில் நின்றது, ஐம்பத்தெட்டாம் நிமிடம், கணக்கில் இல்லை.

தோற்காத அணிக்காக முதல் கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியவள் நான். காய்ந்த நெல்லாகப் பார்த்தபோது எனக்கே வாய் வரவில்லை. பலமான யாரையும் அவர்கள் தொட்டதே இல்லையே. ஆறாம் எண்ணுக்கு ஓட்டுப் போட்டேன். சாரும் ஆறுதான்.

மீரா உசேனை உள்ளே கூப்பிட்டு உறையைப் பிரித்தோம். ஆறாம் எண் கீழப்பாலூர். நான்காம் எண் மரைக்காபட்டினம்.

என்னால் மறக்க முடியாதது அப்போது அவர் முகம். மகன் அணி வெளியே போய்விட்டது. அதைக் கேட்டதும் அந்த மனிதர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவு நிம்மதி. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. "நல்லதாப் போச்சு மேடம். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தன் பிள்ளை ஜெயித்தால் சந்தோஷப்படுகிற அப்பாவைப் பார்த்திருக்கிறேன், தோற்றால் அழுகிறவரையும் பார்த்திருக்கிறேன். தோற்றதற்கு நிம்மதிப்படுகிற அப்பாவை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சேக் தாவூதின் நெல் ஞாபகம் வந்தது.

"அன்பரசன் சார், ஆட்ட அறிக்கை ஃபைலைக் கொடுங்க" என்றேன்.

"எதுக்கு மேடம்? அஞ்சு மணிக்கு நோட்டீஸ் ஒட்டணும்."

"அஞ்சே கால்ல ஒட்டலாம். குடுங்க."

மரைக்காபட்டினத்தின் நின்றுபோன ஆட்டம் பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு மைதானத்தில் நடந்தது. எதிரணி சென்ற வருடம் கோப்பை வாங்கியது, இந்த வருடமும் பட்டியலில் முதலிடம். ஆட்டம் நின்றபோது மரைக்காபட்டினம் இரண்டு கோல் முன்னால். ஃபைலில் அந்த ஆட்டத்துக்கு மூன்று காகிதங்கள் இருந்தன. நடுவர் அறிக்கையில் ஆட்டம் நின்றது அறுபத்திரண்டாம் நிமிடம். மேசையில் நேரம் குறித்தவர் அறுபத்தொன்று. எதிரணி மேலாளர் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தில் மட்டும் ஐம்பத்தெட்டு. மற்ற அணிகளில் மழையால் நின்ற ஆட்டங்கள் இன்னும் மூன்று இருந்தன. அவற்றிலும் கடிதங்கள் இருந்தன. ஆனால் தாளில் ஏறியிருந்தது எல்லாவற்றுக்கும் நடுவர் எழுதிய நிமிடம்தான். மகன் அணிக்கு மட்டும் மூன்றையும் பார்த்து, மூன்றில் மோசமானதை எழுதியிருந்தார்.

நான் ஃபைலை அவர் முன்னால் விரித்து வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு. போட்டேன்.

"என்ன பாய் இது?"

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். "வேணும்னு செய்யல மேடம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "மூணு பேப்பர் இருந்துச்சு. கை தானா அதுக்குப் போயிருச்சு. சத்தியமா யோசிக்கவே இல்ல."

"மத்தவங்களுக்கு ஏன் போகல?"

கண்ணாடியை மறுபடி கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்க மகன் ஒருத்தன்தான் அந்த டீம்ல ஆடுறானா? மீதிப் பத்து பேரு யாரு? அவங்க வாப்பாவெல்லாம் யாரு? மீன் ஏத்துறவங்க, துபாய்ல கிடக்கிறவங்க. ஊரு உங்களைத் தப்பாப் பேசிடக் கூடாதுன்னு அந்தப் பிள்ளைங்க ஜெயிச்ச ஆட்டத்தை அழிச்சுட்டீங்க. இதுக்குப் பேரு நேர்மை இல்ல பாய், பயம்!"

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். மதலைமுத்து சார் என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். மீரா உசேன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பிறகு, "இவ்வளவு வருசமா இதை நேர்மைன்னுதான் மேடம் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அந்த வார்த்தைக்கு என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுபடி ஓட்டு என்று நானும் சாரும் முடிவு செய்தோம். மீரா உசேன் வெளியே போக எழுந்தார். கதவருகே நின்று, "வேணாம் மேடம். கீழப்பாலூரையே வச்சுக்குங்க. இப்ப மாத்தினா மகனுக்காக மாத்தினான்னு சொல்லுவாங்க" என்றார்.

"சொல்லட்டும். சொல்றவங்க என்கிட்ட வந்து சொல்லட்டும். நீங்க போய்ப் படியில உட்காருங்க."

சார் தாளைத் திருத்தி எழுதினார். இப்போது எங்களுக்குப் பெயர் தெரியும், மறைக்க வழியில்லை. அதனால் வாய்விட்டுப் பேசிப் பேசி எழுதினோம், அன்பரசன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கீழப்பாலூர் தோற்ற இரண்டு ஆட்டத்தில் ஒன்று அதே பேராவூரணிப் பக்கத்து அணியிடம், இரண்டுக்கு ஒன்று. மரைக்காபட்டினம் அதே அணியை, அவர்கள் மைதானத்திலேயே, இரண்டுக்குப் பூஜ்யம். சார் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு மேல கணக்குப் போட்டா கணக்குக்கே அசிங்கம்மா. அந்தப் பசங்க உள்ளே."

நானும் அதையேதான் எழுதினேன். எழுதியதும் அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் ஒரு தப்பை என் கையெழுத்தோடு அனுப்பியிருப்பேன்.

நோட்டீஸோடு மூன்று காகிதங்களின் நகலையும், நாங்கள் பேசியதன் குறிப்பையும், மீரா உசேன் முதல் கூட்டத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் சேர்த்து ஒட்டச் சொன்னேன். கீழப்பாலூர் உடற்கல்வி இயக்குநர் போனில் என்னை வறுத்தெடுத்தார். பிறகு நகலைப் படித்துவிட்டு, "அறுபத்திரண்டுன்னா அறுபத்திரண்டுதான்" என்று வைத்துவிட்டார். நேரில் பார்த்தால் இன்னும் வணக்கம் சொல்வதில்லை. அவர் கோபம் எனக்குப் புரிகிறது, நானாக இருந்தால் கல்லெடுத்து எறிந்திருப்பேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். மரைக்காபட்டினம் கோப்பை வாங்கவில்லை. அரையிறுதியில் டைபிரேக்கரில் தோற்றது. ஹஸ்ஸான் ஒரு கோல் போட்டான், ஒரு பெனால்டியை வானத்துக்கு அடித்தான். பார்த்தீர்களா, தப்பான அணியை எடுத்துவிட்டீர்கள் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஜெயித்திருந்தால் சரியான அணியாகியிருக்குமோ? தேர்ந்தெடுப்பது என்பது ஜாதகம் பார்ப்பது இல்லை. ஆடியதற்குத் தர வேண்டிய இடத்தைத் தந்தோம். மீதி அவர்கள் கால்பாடு.

ஆனால் அன்றைய சாயங்காலத்தை முடிக்காமல் விட முடியாது. நோட்டீஸ் ஒட்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நாங்கள் எல்லோரும் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மீரா உசேனின் போன் அடித்தது. பார்த்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தார்.

"யாரு பாய்?"

"ஹஸ்ஸான்."

"எடுங்க."

ரோட்டில் பஸ் சத்தம். காதில் வைத்துக் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"வாப்பா, எங்க டீம் பேரு இருக்குன்னு குரூப்புல போட்டிருக்காங்க. நெசமா?"

"ஆமா."

"நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன். ஓட்டுப் போடல."

பிறகு பையன் கேட்டான். விளையாட்டாகக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான், ஆனால் முடிக்கும்போது குரல் விளையாட்டாக இல்லை. "எங்களை எத்தனை தடவை பார்த்தீங்க வாப்பா?"

மீரா உசேன் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

"மொதல்ல மூணு தடவை பார்த்தேன்டா" என்றார். "அது தப்பு. இந்த மேடம்தான் புடிச்சாங்க. அப்புறம் எல்லாரையும் பார்த்த மாதிரி ஒரு தடவை பார்த்தாங்க. அதுலேயே நீங்க உள்ளே வந்துட்டீங்க." மூச்சை இழுத்துக்கொண்டார். "அந்த மஞ்சள் அட்டை ரெண்டுல, மொதல் அட்டையும் தப்புதான்டா. த்ரோ-இன்னுக்கு யாரும் அட்டை காட்ட மாட்டாங்க."

"தெரியும் வாப்பா" என்றான் ஹஸ்ஸான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் அந்தப் பக்கம் யாரோ போனைப் பிடுங்கினார்கள். கனத்த குரல். சேக் தாவூது.

"மச்சான், நானும் இங்கதான் இருக்கேன், கேட்டேன். தைக் கடைசியில நம்ம சம்பா வருது. அதுக்கும் ஒரு தடவைதானே?"

கடை வாசலில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம். மதலைமுத்து சாருக்குப் புரையேறியது. மீரா உசேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ஒரு தடவைதான் மச்சான். ஆனா நல்லாக் காயவச்சுக் கொண்டா."